மிஞ்சிய காய்களுக்கு ஒரு மேசை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை முதல் பள்ளி முன்வாசலில் ஒரு நீள மேசை போடப்போகிறோம். தோட்டத்திலோ மாடித் தொட்டியிலோ உங்கள் தேவைக்கு மேல் விளைந்ததைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாம். மேசையில் இருப்பதில் வேண்டியதை எடுத்துக்கொண்டும் போகலாம். காசு கிடையாது. இந்த யோசனை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து வந்தது.

போன மாதம் ஒரு மாணவி பை நிறைய வெள்ளரிக்காயோடு வந்தாள். கொடி ஒரே சமயத்தில் காய்த்துத் தள்ளிவிட்டதாம், வீட்டில் நாலு பேர் தின்றும் தீரவில்லை. மறுநாள் பக்கத்துப் பெஞ்சுப் பையன் எலுமிச்சை கொண்டுவந்தான். அப்புறம் ஒருத்தி புதினாக்கட்டு, இன்னொருவன் பிஞ்சு பீன்ஸ். இடைவேளை மணி அடித்ததும் பைகள் திறக்கும், கை மாறும். எனக்கு அதைப் பார்க்கவே நிறைவாக இருந்தது. ஆனால் அதே வகுப்பில் ஒரு மாணவன் மூன்று நாளாக இடைவேளையில் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "எங்க வீட்ல செடி வைக்க இடமில்ல சார்" என்றான். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாகிறது.

பிள்ளைகள் முதலில் செய்தது பண்டமாற்று. ஒரு வெள்ளரிக்கு எத்தனை எலுமிச்சை, ஒரு கட்டுப் புதினாவுக்கு எத்தனை பீன்ஸ் என்று பேரம் பேசினார்கள், சண்டையும் வந்தது. கணக்காசிரியர் அதையே பாடமாக எடுத்துக்கொண்டார். ஐந்து பொருள்களை ஒன்றுக்கொன்று மாற்ற வேண்டுமென்றால் 10 விகிதங்கள் பேசி முடிக்க வேண்டும். பொருள்கள் பத்தாகிவிட்டால் 45, இருபதாகிவிட்டால் 190. போதாததற்கு, என்னிடம் இருப்பது உனக்கு வேண்டும், உன்னிடம் இருப்பது எனக்கு வேண்டும், அதுவும் இன்றைக்கே என்று எல்லாம் ஒன்றுகூடி வர வேண்டும். புதினா கொண்டுவந்தவளுக்கு எலுமிச்சை தேவையில்லை என்றால் அங்கேயே பேச்சு முடிந்துவிடுகிறது. பணம் எதற்கு வந்தது என்பதற்கு ஒரு விடை பிள்ளைகளுக்குப் புத்தகத்தைத் திறக்காமலே கிடைத்தது.

சரி, பக்கத்து வீட்டாருக்கு ஒரு காய் கொடுக்கும்போது நாம் விகிதமா பேசுகிறோம்? இன்றைக்கு ஒரு சுரைக்காய் போகிறது. இரண்டு மாதம் கழித்து அவர்கள் வீட்டு மரத்திலிருந்து கொய்யா வருகிறது. சில சமயம் கொய்யா வராது. நாம் ஊரில் இல்லாதபோது நம் செடிக்கு அவர்கள் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். கணக்கு அன்றைக்கே தீராததால்தான் அடுத்த முறை கதவைத் தட்டுகிறோம். பள்ளி மேசையும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்பது என் விருப்பம். யார் கொடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று எதிலும் எழுதி வைக்க மாட்டோம். எடுப்பவர் ஏதாவது வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஒரு பெற்றோர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்: "நாங்கள் இரண்டு கிலோ கத்தரிக்காய் கொடுத்தோம், பிள்ளை ஒரு பிடி கொத்தமல்லியோடு வந்தாள்." அவர் மனது எனக்குப் புரிகிறது. ஆனால் எடையைக் கொண்டு உழைப்பை அளக்க முடியாது. கத்தரிச்செடி வேரூன்றிவிட்டால் மாதக்கணக்கில் காய்க்கும். கொத்தமல்லி வெயில் கொஞ்சம் ஏறினாலே பூத்துப்போகும், மறுபடி விதைக்க வேண்டும். தோட்டம் போடுபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அந்த ஒரு பிடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளையின் மூன்று வாரக் காவல் இருந்திருக்கலாம்.

வராந்தாவில் நின்ற மாணவனிடம் மேசைக்கு என்னென்ன வேலை இருக்கிறது என்று சொன்னேன். இப்போது சீட்டு எழுதுவது அவன் பொறுப்பு. காயின் பெயர், பறித்த நாள், மருந்து அடித்ததா இல்லையா என்று மூன்று வரி எழுதுகிறான், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. உங்கள் வீட்டிலும் மண் இல்லாமல் இருக்கலாம். காய்கறித் தோலையும் முட்டை ஓட்டையும் சேர்த்து எரு போடுகிற வீட்டுக்குக் கொடுங்கள். காலிப் பாட்டில், பழைய கூடை, செடி கட்டும் துணிக்கீற்று, ஒரு மணி நேரக் களையெடுப்பு எல்லாமே மேசையில் சேரும். எதுவும் கொண்டுவராத பிள்ளையும் எடுத்துப் போகலாம், யாரும் கேட்கக் கூடாது. இதை வகுப்பில் நான் சொல்லிவிட்டேன். வீட்டிலும் ஒருமுறை நீங்கள் சொல்லுங்கள்.

இனி, கொண்டுவருவதைப் பற்றி.

வெண்டை, பீன்ஸ், வெள்ளரி மூன்றையும் பிஞ்சாக இருக்கும்போதே பறியுங்கள். வெண்டையை ஓரிரு நாள் விட்டாலே நாரோடிவிடும். காய் முற்றி விதை பிடித்துவிட்டால் செடி புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆக, பறித்துக் கொடுக்கக் கொடுக்கச் செடி இன்னும் காய்க்கும். கீரையை அன்று காலையில் பறித்து, கழுவாமல், ஈரத்துணியில் தளர்வாகச் சுற்றி அனுப்புங்கள். கழுவி ஈரத்தோடு பையில் அடைத்தால் மாலைக்குள் அழுகத் தொடங்கும். எடுத்துப் போகிறவர்கள் சமைக்கும் முன் கழுவிக்கொள்ளட்டும். தக்காளி நிறம் மாறத் தொடங்கியபோதே வரலாம், வீட்டில் பழுத்துவிடும். எலுமிச்சை வகைகளும் மாதுளையும் அப்படியல்ல, பறித்த பிறகு இனிப்பு ஏறாது. அவற்றைச் செடியிலேயே பழுக்க விடுங்கள். பூசணியைக் காம்போடு வெட்டுங்கள், காம்பு இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. அதனால் பூசணிக்கு அவசரமில்லை, கீரையும் பிஞ்சுக் காயும் முதலில் வரட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். சுரைக்காய், வெள்ளரி, பூசணி வகைகளில் சில காய்கள் வழக்கத்துக்கு மாறாகக் கசக்கும். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நச்சினால் வருவது, சமைத்தாலும் போகாது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சமைக்கும் முன் ஒரு துளி நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுங்கள், வீணாகிறதே என்று பார்க்காதீர்கள். பாகற்காயின் இயல்பான கசப்பு இதில் சேராது. பூச்சிமருந்து அடித்திருந்தால், எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பார்கள். அந்த நாள் முடியும் முன் எதுவும் மேசைக்கு வரக் கூடாது. வெட்டிய பழம், சமைத்த பொருள், வீட்டில் பாட்டிலில் அடைத்தவை, பெயர் தெரியாத கீரை, காட்டுக் காளான் ஆகியவற்றை வாங்க மாட்டோம். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகள் இருப்பதால் கடலையை மட்டும் பெரியவர்கள் நேரில் கொண்டுவந்து தனியாக வையுங்கள்.

விதைகளுக்கும் மேசையில் ஓர் ஓரம் ஒதுக்கியிருக்கிறோம். தக்காளியும் பீன்ஸும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை, எனவே பிள்ளைகள் எடுத்த விதை தாய்ச்செடியைப் போலவே வரும். பூசணி, சுரை வகைகளின் விதையை வேண்டாம் என்கிறோம். பக்கத்திலுள்ள வேறு ரகத்தோடு தேனீக்கள் கலப்பு செய்துவிடும், அதில் கசப்புக் காயும் வரலாம். கடையில் வாங்கிய கலப்பின விதையிலிருந்து விளைந்த காயின் விதையும் தாயைப் போல முளைக்காது, அதைச் சீட்டில் எழுதிவிடுங்கள். புதினாக் கிளையைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். கொடுக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தில் பூச்சி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

மேசை வெள்ளிக்கிழமைகளில் பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் இருக்கும். மிஞ்சுவதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அக்கம்பக்கத்தில் தனியாக வசிக்கும் முதியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், ஓர் ஆசிரியர் கூடப் போவார். வெயில் படாமல் இருக்க மேசைக்கு மேலே ஒரு துணிப்பந்தல் வேண்டும். தைக்கத் தெரிந்தவர்கள் வியாழக்கிழமைக்குள் அலுவலகத்தில் சொல்லுங்கள், துணி தயாராக இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்