குரோம்பேட்டையிலிருந்து கோட்டைக்கு

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாமல் இருந்தது தப்புதான், திட்டிக்கொள். ஆனால் உன் பெண் மீனாவுக்குச் சென்னைக் கோட்டையில் வேலை கிடைத்த சேதியை அம்பிகாவின் முழங்கால் வலிக்கும் கிணற்று மோட்டாருக்கும் நடுவே இரண்டே வரியில் எழுதிவிட்டுப் போகிறாயே, அது மட்டும் சரியா? குழந்தைக்கு என் ஆசிகள். வேலாயுதத்திடம் சொன்னேன். "பாலு பொண்ணா? அப்போ நான் தரவேண்டிய குடைக் கணக்கு நேராயிடும்" என்றான். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

குரோம்பேட்டையில் அத்தை வீட்டில் தங்கினால் எதில் போவது சுலபம் என்று கேட்டிருந்தாய். மின்சார ரயில்தான், யோசிக்கவே வேண்டாம். குரோம்பேட்டையில் ஏறினால் பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், பூங்கா, அடுத்தது கோட்டை. பதினாலாவது நிறுத்தம், முக்கால் மணி நேரம். எழும்பூரில் கூட்டம் கொட்டி ஏறும், அதற்கு முன்பே வாசல் பக்கம் நகர்ந்து நிற்கச் சொல். ஊருக்கு வரும்போது சென்ட்ரல் போகவேண்டுமானால் பூங்காவில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாக நடந்தால் போதும். திரும்பி வரும்போது ஒரு கவனம்: கோட்டையில் வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலும் நிற்கும். பலகையில் தாம்பரமா, செங்கல்பட்டா என்று பார்த்து ஏறவேண்டும். செங்கல்பட்டு வண்டிகளிலும் எக்ஸ்பிரஸ் ஓடும் மெயின் லைனில் போகிற வேக வண்டிகள் உண்டு. அவை சின்ன நிலையங்களில் நிற்காமல் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு, வண்டியும் குறைவு. பராமரிப்பு வேலைக்காக விடுமுறை நாட்களில் பாதையை மணிக்கணக்கில் நிறுத்துவதும் உண்டு. ஊர் சுற்றக் கிளம்புமுன் அன்றைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நீ இன்னும் அந்தச் சின்ன மீட்டர் கேஜ் வண்டி நினைப்பிலேயே இருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அது 2004 ஜூலை 1-ஆம் தேதியோடு ஓய்ந்துவிட்டது. இந்தியாவிலேயே முதல்முதலாக மின்மயமான மீட்டர் கேஜ் பாதை பீச் (கடற்கரை நிலையம்)–தாம்பரம். 1931 ஏப்ரல் 2-இல் தொடங்கிவைத்தார்கள், மே 11 முதல் ஜனங்கள் ஏறினார்கள். அப்போது 1500 வோல்ட் நேர்மின்சாரம். 1960-களில் அதை 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றினார்கள். பாதைகூட ஒரு மீட்டர் அகலத்திலிருந்து 1676 மில்லிமீட்டராக விரிந்துவிட்டது. வண்டியும் அதற்கேற்ப அகலம், பன்னிரண்டு பெட்டி. அந்த மின்சார லைன் வந்த பிறகுதான் மாம்பலம், சைதாப்பேட்டை, தாம்பரம் எல்லாம் பட்டணத்தோடு ஒட்டிக்கொண்டன. குரோம்பேட்டை என்ற பெயர்கூட சேம்பர்ஸ் என்பவர் 1912-இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். தோலைக் குரோமியம் உப்பில் பதப்படுத்தும் முறை அது. மீனாவுக்குச் சொல், கேட்டுச் சந்தோஷப்படுவாள்.

டிக்கெட் விஷயம். தினமும் வரிசையில் நிற்கவேண்டாம், சீசன் எடுத்துவிடு. மூன்று மாதச் சீசனுக்கு ஒரு மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு, ஆறு மாதத்துக்கு 5.4 மடங்கு, ஒரு வருஷத்துக்கு 10.8 மடங்கு. முதலில் ஒரு மாதம் எடுத்துப் பார்க்கட்டும், அத்தை வீடு ஒத்துவந்தால் மூன்று மாதமாக மாற்றிக்கொள்ளலாம். முடிகிற தேதிக்குப் பத்து நாள் முன்பே புதுப்பிக்கலாம், கடைசி நாள்வரை விடவேண்டாம். சீசனோடு அதில் எண் எழுதியிருக்கும் அடையாள அட்டையும் கையில் இருக்கவேண்டும். ஃபோனில் எடுத்தால் டிக்கெட்டைச் செயலியிலேயே திறந்து காட்டவேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. அதனால் சார்ஜ் இல்லாத ஃபோனும் டிக்கெட் இல்லாததும் ஒன்றுதான். இன்னொன்று, நிலையத்துக்குள் வந்து நின்றுகொண்டு ஃபோனில் டிக்கெட் போடப் பார்த்தால் செயலி விடாது. வாசலுக்கு வெளியே இருக்கும்போதே போடவேண்டும், இல்லையென்றால் உள்ளே ஒட்டியிருக்கும் க்யூஆர் படத்தை ஸ்கேன் செய்யவேண்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் போய்விடும்.

பாலு, இதற்கு மேல் எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே. நீயும் படி, மீனாவையும் உட்காரவைத்துப் படித்துக்காட்டு.

தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டக் கூடாது. ஒரு நாள்கூட. வண்டி கண்ணெதிரே நின்றாலும், நேரமாகிவிட்டாலும் கூடாது. குரோம்பேட்டையில் ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, மறுபக்கம் வீடுகள். மேம்பாலப் படிகளை மிச்சம் பிடிக்கக் குறுக்கே இறங்குகிற வழக்கம் இந்த லைன் முழுக்க இருக்கிறது. நாலு பேர் இறங்கினால் ஐந்தாவது ஆளுக்கும் கால் தானாக இறங்கும். அந்த ஐந்தாவது ஆளாக அவள் இருக்கக் கூடாது.

ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கும், அதாவது ஒரு பெட்டி நீளத்துக்கு மேல். எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவே நான்கு பாதைகள். நான்கையும் ஜல்லியில் கால் இடறாமல், சேலையோ துப்பட்டாவோ மாட்டாமல் தாண்ட இருபது விநாடியாவது ஆகும். அதற்குள் வண்டி நானூறு மீட்டருக்கு மேல் வந்துவிடும். மோட்டார்மேன் பார்த்த கணமே பிரேக் போட்டாலும் நிற்க முந்நூறு மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். மெயின் லைனில் வரும் எக்ஸ்பிரஸுக்கு ஒரு கிலோமீட்டர்வரைகூட ஆகும். அவரால் ஹாரன் அடிக்கத்தான் முடியும், வண்டியைத் திருப்ப முடியாது.

"சத்தம் கேட்குமே" என்பாய். கேட்காது. கரி எஞ்சின் காலத்துத் தடதடப்பு இப்போது கிடையாது. தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிட்டதால் இணைப்புக்கு இணைப்பு 'தடக் தடக்' என்று வரும் ஒலியும் போயிற்று. சத்தம் பக்கவாட்டில்தான் அதிகம் பரவும். நேரே எதிரில் நிற்பவனுக்கு வண்டி கிட்டே வந்த பிறகுதான் உறைக்கும். காதில் பாட்டு வேறு மாட்டியிருந்தால் அதுவும் இல்லை. நேர் எதிரில் வரும் பொருளின் வேகம் கண்ணுக்கும் சரியாகப் பிடிபடாது, மெதுவாக வருவதுபோலவே தோன்றும்.

இதில் எல்லாவற்றையும்விட மோசமானது இரண்டாவது வண்டி. ஒரு வண்டி கடக்கக் காத்திருப்பார்கள். அதன் கடைசிப் பெட்டி நகர்ந்ததும் கால் வைப்பார்கள். அந்த வண்டி மறைத்துக்கொண்டிருந்த அடுத்த பாதையில் எதிர்ப்புறமிருந்து இன்னொன்று வந்துகொண்டிருக்கும். முதல் வண்டியின் இரைச்சலில் அதன் ஹாரன் அமுங்கிப்போகும். சிறைத் தண்டனையும் அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன, எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உயிர்தான் பொருட்டு.

அடுத்தது படிக்கட்டு. 2018 ஜூலை 24 ஞாபகம் இருக்கிறதா? மின்கம்பி அறுந்ததால் பீச்சிலிருந்து திருமால்பூர் போன வண்டியை மெயின் லைனில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டி கான்கிரீட் சுவர். படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் அதில் அடிபட்டார்கள், உயிர்கள் போயின. "இந்தப் பாதையை நான் தினமும் பார்க்கிறேன், எங்கே தூண் வருமென்று தெரியும்" என்பதெல்லாம் வண்டி தடம் மாறும் நாளில் உதவாது. முதுகில் பை மாட்டியிருப்பவர் தன் அகலம் ஒரு சாண் கூடியிருப்பதையே மறந்துவிடுகிறார். பையை முன்பக்கம் போட்டுக்கொண்டு உள்ளே நகர்ந்து நிற்கச் சொல். நகர்கிற வண்டியில் ஏறவே வேண்டாம். பிளாட்பாரத்தைவிடப் பெட்டியின் தரை ஓரடி போல உயரம், நடுவே இடைவெளியும் இருக்கிறது, கால் வழுக்கினால் நேரே கீழேதான். காலையில் பத்து நிமிஷத்துக்குள் அடுத்த வண்டி வந்துவிடும்.

2025 ஏப்ரலிலிருந்து பீச்–செங்கல்பட்டு பாதையில் ஏசி வண்டி ஓடுகிறது. கதவு தானாக மூடிக்கொள்ளும் என்பதாலேயே எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. ஆனால் சாதாரணச் சீசன் அதில் செல்லாது, தனியாக எடுக்கவேண்டும், ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். எல்லா வண்டியும் அப்படி ஆகும்வரை மீனா பெண்கள் பெட்டியிலேயே போகட்டும். அது எந்தத் தூணுக்கு நேரே நிற்கிறது என்று இரண்டு நாள் பார்த்தால் பிடிபட்டுவிடும், அங்கேயே போய் நிற்கலாம். ஏதாவது தொந்தரவென்றால் ரயில்வே உதவி எண் 139.

அவள் எந்தத் தேதியில் வருகிறாள், எந்த வண்டி என்று உடனே எழுது. முதல் நாள் காலை குரோம்பேட்டை மேம்பாலத்தடியில் நான் நிற்பேன், கூடவே ஏறி இறங்கிக் காட்டிவிட்டு வருகிறேன். குடையை வேலாயுதம் கொண்டுவருவான்.

உன்,
சிவராமன்