ரம்பத்துக்கு முன்னாடி கயிறு வாங்கு தம்பி

தம்பி,

நீ வாய்ஸ் மெசேஜ்ல கேட்ட 60 ஆயிரத்தப் பத்தி அப்பாகிட்ட பேசிட்டேன். ஃபோன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு வச்சிருவ, அதான் ராத்திரி உக்காந்து டைப் பண்றேன். எழுத்துப்பிழை நெறைய இருக்கும், கண்டுக்காத, ஆனா பாதியில விடாம படி.

காண்ட்ராக்டர்கிட்ட ரெண்டு வருசம் கூலிக்கு மரம் ஏறுனது போதும், நாலு பசங்கள சேத்து சொந்தமா வேல எடுக்கப்போறேன்னு நீ சொன்னதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல, சந்தோசந்தான். அபார்ட்மெண்ட்டு, காலேஜு, மில்லு காம்பவுண்டுன்னு கோயம்புத்தூர்ல கவாத்து வேலைக்கு, அதான் கெளை கழிக்கிற வேலைக்கு, ஆள் கெடைக்காம அலையறாங்கன்னு சொல்ற, நல்லது. ஆனா நீ அனுப்புன லிஸ்ட்டப் பாத்தேன். மொத வரியே 72 சிசி ரம்பம், அதுலயே முக்காவாசிப் பணம் போயிருது. கடைசி வரியில "கயிறு, பெல்ட் அப்பறம் பாத்துக்கலாம்"னு போட்ருக்க. அந்த வரியத்தான் நான் நாலு தடவ படிச்சேன்.

கஜா புயல் வந்தப்ப நீ ஸ்கூல் படிச்சிட்டிருந்த. 2018 நவம்பர் 16, விடியறதுக்குள்ள வேதாரண்யம் பக்கம் கரையேறி நம்ம பக்கத்து தோப்பயெல்லாம் படுக்க வச்சிட்டுப் போயிருச்சு. அதுவரைக்கும் அப்பாகிட்ட இருந்த சாமான் என்ன, ஒரு அருவா, ஒரு கோடாலி, காலுக்குத் தளைக்கயிறு, அவ்வளவுதான். அதுக்கப்பறம் பாத்தா ஊருக்கு ஊரு மெஷின் ரம்ப சத்தம், ரம்பத்தையே கையில தொடாதவன்லாம் கடன வாங்கி மெஷின் எடுத்தான், அப்பாவும் எடுத்தாங்க. விழுந்து கெடக்குற தென்னைய அறுக்கறதுக்கு பெருசா வித்தை ஒண்ணும் வேணாம், அடியில மண்ணுல செயின் படாம பாத்துக்கணும், அவ்வளவுதான். அந்த தைரியத்துலதான் அப்பா அடுத்த ஆடியில நிக்கிற மரத்துல ரம்பத்தோட ஏறுனாங்க.

அன்னிக்கு நடந்தத உனக்கு முழுசா யாரும் சொல்லல, நீ ஹாஸ்டல்ல இருந்த, வழுக்கி விழுந்துட்டாங்கன்னு சொல்லி வச்சிட்டோம். வழுக்கல்லாம் இல்ல. ஒரு வீட்டு வாசல்ல தூங்குமூஞ்சி மரம், ஓட்டு மேல சாஞ்ச கெளைய எடுக்கணும். இடுப்புல கெணத்துக் கயித்த சுத்தி முடிச்சு போட்டு, ஒத்தக் கையில கெளையப் பிடிச்சுகிட்டு ஒத்தக் கையில ரம்பத்த ஓட்டிருக்காங்க. கெளை பாதி அறுந்ததும் பட்டுனு ஒடிஞ்சிருச்சு, ரம்பம் வெட்டு வாயில இருந்து விடுபட்டு இந்தப் பக்கம் வந்து இடுப்புக் கயித்துல பட்டுச்சு. பட்டுச்சு அவ்வளவுதான், அழுத்தக்கூட இல்ல. அந்தக் கயிறு இன்னும் பரண்ல கெடக்குது தம்பி, ஒரு தூக்குக்கயிறு கனத்துக்கு இருக்கும், வெட்டுன எடம் வெண்ணெயில கத்தி போட்ட மாதிரி வழவழன்னு இருக்கு. பன்னெண்டு அடி, இடுப்பு எலும்பு. வீட்டுக்காரரு 2 ஆயிரத்த கையில குடுத்துட்டு வாசல் கேட்டச் சாத்திட்டாரு. அப்பா இன்னிக்கும் திண்ணையில இருந்து எந்திரிக்கறப்ப தூணப் பிடிச்சுதான் எந்திரிக்கிறாங்க, நீ பாத்திருப்ப.

உங்க சின்ன மாமா சிங்கப்பூர்ல மரம் வெட்டுற கம்பெனியில பதினோரு வருசமா இருக்கான், அங்க ரோடு பூரா இதே தூங்குமூஞ்சி மரந்தானாம். அவன் லீவுல வந்தப்ப அந்தக் கயித்தப் பாத்துட்டு கேட்ட மொத கேள்வி, "ரெண்டாவது கயிறு எங்க, அக்கா?"ன்னுதான். மரத்துல ரம்பம் ஓட்டுறப்ப ரெண்டு எடத்துல கட்டிருக்கணும், ஒண்ணு மேல ஏறுற கயிறு, இன்னொண்ணு மரத்தச் சுத்திப் போடுற குட்டக் கயிறு, அந்தக் குட்டக் கயித்துக்குள்ள ஸ்டீல் ஒயர் ஓடணும், அப்பதான் ரம்பம் தெரியாம உரசுனாலும் ஒரே உரசுல போவாது. அவன் கம்பெனியில ஒத்தக் கட்டுல ரம்பத்த ஸ்டார்ட் பண்ணா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்களாம்.

பெல்ட்டுன்னு கேட்டா கடையில பில்டிங் வேலைக்குப் போடுற சேஃப்டி பெல்ட்டக் குடுப்பான், முதுகுல கொக்கி இருக்கும். அது விழுந்தா பிடிக்கறதுக்கு, மரத்துல தொங்கிகிட்டு வேல பாக்கறதுக்கு இல்ல. உனக்கு வேணுங்கறது தொடையிலயும் இடுப்புலயும் பட்டை வச்சு, முன்னாடியும் ரெண்டு பக்கமும் வளையம் இருக்குற உக்கார்ற ஹார்னஸ். வாங்கறதுக்கு முன்னாடி போட்டு கால் மணி நேரம் தொங்கிப் பாரு, தொடை மரத்துப் போச்சுன்னா வேற சைஸ் கேளு. மாமா அனுப்புன கயிறு 12 மில்லிமீட்டர். அத வெட்டுன நுனியில பிரிச்சுப் பாத்தா நடுவுல மெல்லிசா ஒரு நாடா ஓடுது, அதுல "இஎன் 1891 ஏ"ன்னு அச்சடிச்சிருக்கு, மனுசன் தொங்குற கயித்துக்கு ஐரோப்பாக்காரன் வச்ச தர நம்பர் அது. கடைக்காரன் வாயில சொல்றத நம்பாத, அந்த நாடாவப் பாரு. 2 ஆயிரம் கிலோவுக்கு மேல தாங்குற கயிறு அது, இருந்தாலும் ரம்பத்துக்கு முன்னாடி அதுவும் கெணத்துக் கயிறும் ஒண்ணுதான், மறந்துராத.

அப்பறம் ஏறுற கயிறு வேற, கெளை எறக்குற கயிறு வேற. ரெண்டையும் ஒரே மூட்டையில போடாத, கலர் வேற வேறயா வாங்கு. ஒரு அடி கனம் ஆறு அடி நீளம் பச்சக் கெளைன்னா நூறு கிலோ வரும், அது ரெண்டு அடி சும்மா விழுந்து கயித்துல வந்து நிக்கிறப்ப எத்தன மடங்கா இழுக்கும்னு நீயே பாத்திருப்ப. அப்படி அடி வாங்குன கயித்துல மனுசன் ஏறக்கூடாது. தெனம் காலையில ஏறுற கயித்த மொத்தமா கைக்குள்ள விட்டு உருவிப் பாரு, பூ கட்டுறப்ப நாரு பிசிறு கைக்குத் தட்டுப்படும்ல, அந்த மாதிரி கண்ண விட கைக்கு சீக்கிரம் தெரியும். தடிப்பா, கெட்டியா, இல்லன்னா மேல்தோல் பொசுங்குன மாதிரி எங்கயாவது பட்டா அத ஆடு கட்ட வச்சுக்க. பெட்ரோல் கேன் பக்கத்துல கயித்த வைக்கவே வைக்காத.

இப்ப ரம்பத்துக்கு வரேன். 72 சிசி மெஷின் வெறும் எஞ்சினே 6 கிலோவுக்கு மேல. அதத் தூக்கிட்டு மரத்துல நிக்க முடியுமா? கீழ அடிமரம் அறுக்க மாசத்துல எத்தன நாளு வேணும்? ரெண்டு நாளா? அந்த ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடு. நீ பண்ணப்போறது கவாத்து வேல, முக்காவாசி கெளை உன் கை கனங்கூட இருக்காது. அதுக்கு ஜப்பான்காரன் பண்ற வளஞ்ச இழுப்பு ரம்பம் ஒண்ணு போதும், இழுக்கறப்ப மட்டும் அறுக்கும், பல்லு சவரக்கத்தி மாதிரி இருக்கும், உறையோட வாங்கித் தொடையில கட்டிக்க. மாமா சொல்றான் மரத்து மேல அவனுக்கு பாதி நாள் கைரம்பத்துலயே ஓடிருமாம், சத்தமும் இல்ல, கீழ நிக்கிறவன் சொல்றதும் காதுல விழும்.

மெஷினுன்னு ஒண்ணு வேணும்னா நம்ம வீட்டு 30 சிசி ஸ்டில் இருக்கு, 4 கிலோ, செயின் ஓடுற பார் 14 இஞ்ச். அதுல ஆரம்பி. மேல்பிடி வச்ச சின்ன ரம்பம், ஒத்தக் கையில ஓட்டலாம்னு வீடியோவுல காட்டுறானுங்களே, அதையும் ரெண்டு கையிலதான் பிடிக்கணும், கைப்பிடி மேல இருக்கறதால ஒத்தக் கைக்கு செஞ்சதுன்னு ஆயிராது. பார் நுனியில மேல் பாதி எது மேலயாவது முட்டுச்சுன்னா மெஷின் மூஞ்சிக்கு எகிறும், செயின் பிரேக் வேல செய்யுதான்னு தெனம் ஸ்டார்ட் பண்ணதும் ஒரு தடவ தட்டிப் பாத்துக்க.

செயின் தீட்டறது மட்டும் நான் சொன்னா நீ கேட்டுத்தான் ஆவணும். அந்த வருசம் ஒரு நாளைக்கு நாலு செயின் தீட்டிருக்கேன், அப்பா சோறு திங்கறதுக்குள்ள ஒண்ணு முடிப்பேன். இந்த மெஷின் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்ட அரம், வேற சைஸ் வச்சுத் தேய்க்காத. ரம்பத்தோட பார திண்ணைக் கட்டையில நெருக்கி வச்சு, ஒரு பல்லுல சுண்ணாம்பு வச்சு ஆரம்பிச்சா எங்க முடிக்கணும்னு தெரியும். அரத்த முன்னாடி தள்றப்ப மட்டும் அழுத்து, பின்னாடி இழுக்கறப்ப தூக்கிரு, ஒரு பல்லுக்கு மூணு தள்ளுன்னா எல்லாத்துக்கும் மூணு. நீ வலது கைக்காரன், ஒரு பக்கம் பல்ல நல்லாத் தேய்ப்ப, மறுபக்கம் கை ஏமாத்தும், அப்ப பல்லு ஒரு பக்கம் குட்டையாயி ரம்பம் கோணலா வளஞ்சு போவும், உடனே பார் போச்சுன்னு மெக்கானிக்க தேடுவ. பல்லுக்கு முன்னாடி நிக்கிற சின்ன மொட்டு, அது பல்ல விட 0.65 மில்லிமீட்டர் தாழ இருக்கணும், நகக் கனம்னு வச்சுக்க. ரொம்ப எறக்கிட்டா ரம்பம் மரத்தக் கடிச்சு கைய ஒதறும். தூளப் பாரு, செதில் செதிலா வந்தா பல்லு இருக்கு, மாவு மாதிரி வந்தா நிறுத்திட்டுத் தீட்டு. தென்னைக்கு வெளி வைரந்தான் கெட்டி, உள்ள சோறு, அதுல செயின் சீக்கிரம் மொழுங்கிரும், எப்பவும் ரெண்டு செயினோட போ.

பெட்ரோல் கலக்கறது உனக்குத் தெரியும், புக்ல 50க்கு 1ன்னு போட்ருந்தா லிட்டருக்கு 20 மில்லி, ஆனா அதுக்கு அவன் சொல்ற ஆயில்தான். இப்ப பங்குல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஈரத்த இழுத்துக்கும், அதனால ஒரு வாரத்துக்கு வேணுங்கற அளவு மட்டும் கலந்துக்க, வேல இல்லாத மாசம் டேங்க காலி பண்ணிட்டு தானா அணையற வரைக்கும் ஓட விடு. போன வருசம் அப்படியே வச்சதுல கார்பரேட்டர் ரப்பர் வெறச்சுப் போயி 900 ரூவா செலவு.

காலுக்கு அந்த ரம்பம் தடுக்கற பேண்ட் வாங்கு. ஜீன்ஸ் போதும்மான்னு சொல்லுவ. ஜீன்ஸ்லாம் ஒரு நொடி தாங்காது, அந்தப் பேண்ட்டுல உள்ள நூல் நூலா வச்சிருப்பான், செயின் பட்டதும் நூலு வெளிய வந்து பல்சக்கரத்துல சுத்தி மெஷினயே நிறுத்திரும். கோயம்புத்தூர் வெயிலுக்கு வேகும், தெரியும், மரம் ஏறாம கீழ அறுக்கற பயலுக்கு முன்பக்கம் மட்டும் கட்டுற மாதிரி வருது, அத வாங்கிக்குடு. கைலிய மடிச்சுக் கட்டிட்டு எவனும் மெஷினத் தொடக்கூடாது, உன் டீம்ல மொத சட்டம் இதா இருக்கட்டும். ஹெல்மெட்டு கண்ணுக்கு வலையும் காதுக்கு மூடியும் சேந்து வர்றதா பாரு, அப்பாவுக்கு இப்ப வலது காது கொஞ்சம் மந்தம், டிவிய எவ்வளவு சத்தமா வைக்கிறாங்கன்னு உனக்கே தெரியும்.

நீ கேட்ட இரும்பு முள்ளு, பூட்ஸ்ல கட்டுற அது, வெட்டிச் சாய்க்கப்போற மரத்துக்கு மட்டுந்தான். கவாத்துக்குப் போயி முள்ளு போட்டு ஏறுனா அடிக்கு அடி மரத்துல ஓட்டை. தென்னைக்கு காயம் பட்டா ஆறவே ஆறாது, சிவப்புக் கூன்வண்டு அந்த வாடைக்குத்தான் வரும், நம்ம கொல்ல மரம் ரெண்டு அப்படித்தான் போச்சு.

ஒயரு பக்கத்துல மரம்னா ஈபிகாரங்க வந்து லைன ஆஃப் பண்ணி எல்சி, அதான் லைன் கிளியர், குடுத்தாத்தான் ஏணியவே சாத்தணும். அலுமினிய ஏணி உன் லிஸ்ட்ல இருக்கு, அத நான் அடிச்சிட்டேன்.

பணம் 40 ஆயிரம் நாளைக்கு ஜிபேல போட்டு விடறேன், சீட்டு எடுத்ததுதான், திருப்பிக் குடு. ஹார்னஸு, ரெண்டாவது கட்டு, பேண்ட்டு, ஹெல்மெட்டு, கைரம்பம், இதுக்கு பில்லு எனக்கு வாட்ஸப்ல வரணும். மாமா கயித்தையும் நம்ம மெஷினையும் வியாழக்கெழம பட்டுக்கோட்டையில பஸ்ஸுல போட்டு விடறோம். டேங்கு காலி, பெட்ரோலோட ஏத்த மாட்டான். மூணு செயின் தீட்டி பழைய துணியில சுத்தி வச்சிருக்கேன், சுண்ணாம்பு வச்ச பல்லு அப்படியே இருக்கும், அதுல இருந்து எண்ணு. அந்த வெட்டுப்பட்ட கயித்தையும் பார்சல்ல வைக்கச் சொல்றாங்க அப்பா. நான் வேணாம்னேன். அவங்களே போயி பரண்ல இருந்து கம்பால தள்ளி எடுத்து மெஷின் பொட்டிக்குள்ள வச்சிட்டாங்க.

பார்சல் வந்ததும் ஃபோன் பண்ணு, ஒம்பது மணிக்கு மேல பண்ணாத, அப்பா தூங்கிருவாங்க.

அம்மா