கம்ப்யூட்டர் வைரஸ் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் கம்ப்யூட்டர் லேபை இரண்டு நாள் ஏன் பூட்டி வைத்தோம் என்று பலர் கேட்டீர்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவ் கொண்டுவந்தான். வீட்டுச் சாவிக்கொத்தோடு மாட்டியிருந்த சின்னப் பென்டிரைவ். செருகியதும் ஒவ்வொரு ஃபோல்டரின் மூலையிலும் வளைந்த அம்புக்குறி ஒன்று தெரிந்தது. உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும் வைரஸ் அது. திறந்தால் கம்ப்யூட்டருக்குத் தொற்றும். அப்புறம் அதில் செருகுகிற பென்டிரைவுக்கெல்லாம் போகும். ஏழு கம்ப்யூட்டர்களுக்குப் பரவிவிட்டது.

அந்த அம்புக்குறியை அவன் முந்தின நாளே வீட்டில் பார்த்திருக்கிறான். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். "திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சு சார்" என்றான். அந்தப் பதில்தான் என்னை உறுத்துகிறது. இந்தக் கடிதமும் அதனால்தான்.

அவனை உட்காரவைத்து நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 1982இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ரிச் ஸ்க்ரென்டா என்ற பையனும் ஒன்பதாம் வகுப்புதான். நண்பர்களின் கேம் ஃபிளாப்பிகளில் (அன்றைக்குப் பென்டிரைவ் மாதிரிப் பயன்பட்ட தகடு) ஏதாவது குறும்பு செய்து வைப்பான். அவர்கள் உஷாராகி ஃபிளாப்பியைக் கையில் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். சரி, கை படாமலே பரவட்டும் என்று ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக அவன் எழுதியதுதான் 'எல்க் குளோனர்' வைரஸ். அது தொற்றிய ஃபிளாப்பியை ஐம்பதாவது முறை போட்டுக் கம்ப்யூட்டரைத் தொடங்கும்போது திரையில் ஒரு சின்னக் கவிதை வரும், அவ்வளவுதான். 1986இல் லாகூரில் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் எழுதிய 'பிரெய்ன்' வைரஸுக்குள் அவர்களுடைய பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாமே இருந்தன.

1988 நவம்பர் 2 கதையைத்தான் அந்தப் பையன் கண் கொட்டாமல் கேட்டான். ராபர்ட் மோரிஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் இணையத்தில் ஒரு 'வார்ம்' விட்டார், அதாவது யாரும் எதையும் திறக்காமலே கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தானாகப் பரவும் புரோகிராம். ஒரு கம்ப்யூட்டரில் தன் நகல் ஏற்கெனவே இருக்கிறதா என்று அது கேட்கும். பொய்யாக 'இருக்கிறது' என்று சொல்லித் தடுத்துவிடுவார்களோ என்று, ஏழில் ஒரு முறை அந்தப் பதிலைப் பொருட்படுத்தாமல் நுழையும்படி எழுதியிருந்தார். அந்தக் கணக்கு தப்பிவிட்டது. ஒரே கம்ப்யூட்டரில் நகல்மேல் நகலாகச் சேர்ந்து, ஆயிரக்கணக்கானவை திணறி நின்றன. பயந்துபோன மோரிஸ் நண்பர் மூலம் அதை நிறுத்தும் வழியைப் பெயர் போடாமல் அனுப்பவைத்தார். வார்ம் அடைத்துவைத்த பாதையில் அந்தச் செய்தி போய்ச் சேரவே தாமதமாகிவிட்டது. தண்டனை: மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பின்னாளில் அவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார் என்றதும்தான் பையன் முகம் தெளிந்தது.

அதற்குப் பிறகு விளையாட்டு போய்த் திருட்டும் பணமும் வந்துவிட்டன. 2000இல் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ் தெரிந்தவர் அனுப்பிய மெயில் போலவே வந்தது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வார்ம் ஃபைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறின. இத்தனைக்கும் அதைத் தடுக்கும் அப்டேட் இரண்டு மாதத்துக்கு முன்பே வந்திருந்தது. இப்போது நம் ஊரில் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) வருகிறது. தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். இன்ஸ்டால் செய்யச் சொல்லாது. சொன்னால் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். "ஏதோ தப்பா அமுக்கிட்டேன்" என்று பிள்ளை வந்து நின்றால், அந்த நேரத்தில் கையை ஓங்காதீர்கள். முதலில் நெட்டை அணைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேளுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு லேப் திறந்திருக்கும். வீட்டுப் பென்டிரைவ், போன் எதுவானாலும் எடுத்து வாருங்கள். கம்ப்யூட்டர் ஆசிரியர் பார்த்துக் கொடுப்பார். அந்த மாணவனும் அவருக்கு உதவியாக இருக்கச் சம்மதித்திருக்கிறான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்