கிராபிக்ஸ் கார்டு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டப்புற ஊர்களிலும் நம் இளைஞர்கள் அனிமேஷன் கூடம் நடத்துவது பெருமைக்குரியது. ஆனால் பணத்தையெல்லாம் கிராபிக்ஸ் கார்டில் போட்டுவிட்டு மின்சாரத்தில் கோட்டை விடுகிறார்கள். மாலை இடிமழையில் ஒரு நொடி மின்சாரம் போய் வந்தாலே, சர்வர் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாழாகலாம்.

மின்சாரம் போனதும் பேட்டரியில் கணினியைத் தாங்கும் யுபிஎஸ் வாங்கும்போது, தூய சைன் அலை (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை) தருவதையே கேட்டு வாங்குங்கள். மலிவு ரகத்தின் படிக்கட்டு அலையில், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரம் இழுப்பதைச் சீராக்கும் சுற்று) உள்ள கணினி பவர் சப்ளை பேட்டரிக்கு மாறும் கணத்திலேயே நின்றுவிடக்கூடும். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கம்பியை சர்வரில் செருகி, பேட்டரி 30 விழுக்காட்டுக்கு இறங்கியதும் சர்வர் தானே முறையாக அணையும்படி அமையுங்கள். பலர் அந்தக் கம்பியைப் பெட்டியை விட்டே எடுப்பதில்லை, வருத்தமாக இருக்கிறது. ஈய-அமில பேட்டரி வெக்கையில் சீக்கிரம் தேயும், காற்றோட்டமில்லாத மூலையில் வைக்க வேண்டாம்.

இரு கட்டடங்களின் கணினிகளை இணைக்கச் செம்புக் கம்பி வேண்டாம், ஒளியில் தரவு கடத்தும் ஃபைபர் இழுங்கள். மின்னல் தாக்கம் செம்பு வழியே வந்து, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சை எரித்துவிடும்.

பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு, காப்புப் பிரதி ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு எல்லா டிஸ்கிலும் அழியும். ஆகவே தனிப் பிரதி வேண்டும், ஆனால் கோப்புகள் பெரியவை: அனிமேஷனில் பயன்படும் இஎக்ஸ்ஆர் வகைப் படம் ஒன்று, 16 பிட், நான்கு சேனல் (மூன்று நிறம், ஒளிபுகுமை), சுருக்காத 4கே அளவில் சுமார் 66 எம்பி. நொடிக்கு 24 படம் என்றால் ஒரு நிமிடக் காட்சி 95 ஜிபி. கிகாபிட் இணைப்பில் அதை நகலெடுக்கவே கால் மணி நேரம் ஆகும். அதனால் இரவில் நகலெடுங்கள், ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்