தெரியும், ஆனா பழக்கம் இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு ஆன்மிகப் பக்கத்துல கடவுளை முழுசா அறிஞ்சுக்க ஏழு படின்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. மறுநாளே அதுக்குப் பதிலா ஒருத்தர், அறியவே முடியாத ஒன்னைப் பத்திப் பேசுறதே டைம் வேஸ்ட்னு கடிதம் எழுதியிருந்தார். ரெண்டையும் படிச்சப்புறம் எனக்கு என்னமோ ரெண்டு பேரும் ஒரே தப்பைத்தான் பண்றாங்கன்னு தோணுச்சு, கடவுளை ஒரு பாடப்புத்தகம் மாதிரி நினைச்சுக்கிட்டு ஒருத்தர் படிச்சு முடிச்சுட்டேங்கிறார், இன்னொருத்தர் அந்தப் புத்தகமே கிடைக்காதுங்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம பேச்சுல ஒரு வழக்கம் இருக்கு பாருங்க. ஒருத்தரைப் பத்திக் கேட்டா "தெரியும், ஆனா பழக்கம் இல்ல"ம்போம். அவர் என்ன வேலை, யாரோட பையன் எல்லாம் தெரியும், ஆனா ராத்திரி பதினோரு மணிக்குப் போய்க் கதவைத் தட்ட முடியாது. பழக்கம்னா அது வேற. இத்தனை வருஷம் பழகின ஆள்கிட்டயும் நமக்குத் தெரியாத பக்கம் ஒன்னு இருந்துக்கிட்டேதான் இருக்கும், அதுக்காகப் பழகினதே பொய்னு யாராவது சொல்வாங்களா?

அப்பர் தேவாரத்துல ஒரு பாட்டு, விறகுக்குள்ள தீ மாதிரி, பாலுக்குள்ள நெய் மாதிரி மறைஞ்சு நிக்கிறான்னு சொல்லிட்டு எப்படி எடுக்குறதுன்னும் சொல்றார், உறவுங்கிற கோலை நட்டு உணர்வுங்கிற கயித்தால முறுக்கிக் கடைஞ்சா முன்னால வந்து நிப்பான்னு. கோலுக்கு அவர் அறிவுன்னு சொல்லல, படிப்புன்னு சொல்லல, உறவுன்னு சொல்றார். அதே அப்பர் இன்னொரு பாட்டுல இவன் இப்படிப்பட்டவன், இந்த நிறத்தவன், இவன்தான் இறைவன்னு எழுதிக் காட்ட முடியாதுன்னும் பாடி வெச்சிருக்கார். கடைஞ்சா வருவான், ஆனா வரைஞ்சு காட்ட முடியாது, இதுல முரண்பாடு எதுவும் இருக்கிறதா எனக்குத் தோணல.

பைபிள்ல யோபு கதையையும் பாருங்க. பிள்ளைங்க, சொத்து, உடம்பு எல்லாம் போய் சாம்பல்ல உக்காந்திருக்கிறவர்கிட்ட நண்பர்கள் வந்து கடவுள் ஏன் இப்படிப் பண்றார்னு பக்கம் பக்கமா விளக்கம் கொடுக்கிறாங்க, கேட்டா எல்லாம் நியாயமாத்தான் இருக்கும். யோபு மட்டும் கடவுள்கிட்டயே சண்டை போடுறார். கடைசியில கடவுள் பேசும்போது விளக்கம் ஒன்னும் சொல்லல, திருப்பிக் கேள்வியாத்தான் கேக்குறார், நான் பூமிக்கு அஸ்திவாரம் போட்டப்ப நீ எங்க இருந்தேன்னு. அதுக்கப்புறம் கோபப்படுறது யார் மேல? சண்டை போட்டவர் மேல இல்ல, விளக்கம் சொன்ன நண்பர்கள் மேல. யோபு சொல்றது, இதுவரைக்கும் உம்மைப் பத்திக் காதால கேட்டிருந்தேன், இப்ப என் கண்ணு உம்மைப் பார்க்குதுன்னு. அவர் கஷ்டத்துக்கு ஏன்ங்கிற பதில் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்ல, அதை யாரும் கவனிக்கிறதில்ல.

தாமஸ் அக்குவினாஸ்னு ஒரு பெரிய இறையியல் மேதை, கடவுளைப் பத்தி ஆயிரக்கணக்கான பக்கம் எழுதினவர், 1273 டிசம்பர்ல ஒருநாள் பூசையில என்னமோ அனுபவம் ஆகி அப்படியே எழுதுறதை நிறுத்திட்டார். நான் எழுதினதெல்லாம் வைக்கோல் மாதிரி தோணுதுன்னாராம். அடுத்த வருஷம் இறந்தும் போயிட்டார், அப்ப எழுதிக்கிட்டிருந்த புத்தகம் பாதியிலயே நிக்குது. ஏழு படி எழுதினவர் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராத்திரி பாத்திரம் கழுவி கவுத்துட்டு வாசப்படியில உக்காந்து கடவுள்கிட்ட முணுமுணுன்னு பேசும், பாதி நேரம் திட்டுதான். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல, "நான் ஒன்னும் கேக்கல, கேட்டா நீ தர மாட்டே, சும்மா பக்கத்துல உக்காரு"ன்னு சொன்னதை நானே கேட்டேன். அப்பா பிழைக்கல. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் அந்த வாசப்படி பேச்சே கிடையாது. ஒருநாள் ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து போறேன், வாசல்ல அம்மா குரல், "எங்க போயிருந்தே இத்தன நாளா". பேசாம இருந்தது யாருன்னு பாருங்க, கேள்வி மட்டும் அவருக்கு! ஒரு தடவை நானே கேட்டேன், இவ்வளவு பேசுறியே, அவர் யாருன்னு உனக்குத் தெரியுமான்னு. "உங்கப்பாவையே எனக்கு முழுசாத் தெரியாது போடா"ன்னுச்சு.

அது தனக்குத்தானே பேசிக்கிறதுதானேன்னு அந்தக் கடிதம் எழுதினவர் கேப்பார், கேக்கட்டும், நியாயமான கேள்விதான், இல்லன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஒன்னு மட்டும் சொல்றேன், நாமளே கற்பனை பண்ணி வெச்சுக்கிட்ட ஆள் எப்பவும் நம்ம பேச்சுக்குத் தலையாட்டுவான், அம்மா பேசுன ஆள் ஒருநாளும் தலையாட்டினதா எனக்குத் தெரியல. நமக்குப் பிடிக்காதவங்களை எல்லாம் தனக்கும் பிடிக்காதுங்கிற கடவுளைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

கட்டுரையோட ரெண்டாம் பகுதி அடுத்த ஞாயிறு வரும்னு போட்டிருக்கீங்க. எழுதுறவர்கிட்ட என் சார்பா ஒன்னு கேட்டுச் சொல்லுங்க, அவர் என்னிக்காவது கடவுள்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்திருக்காரா, இருந்தா அப்புறம் முதல்ல பேசினது யாரு? எட்டாவது படியா அதைப் போட்டாருன்னா நான் கண்டிப்பா படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்