அதே மரங்களிடம் போங்கள்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய இலையுதிர்காலப் பயணப் பட்டியல் கிடைத்தது. குளிர் வந்து மரங்கள் மொட்டையாவதற்குள் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று, ஒரு வாரம் மலை, ஒரு வாரம் ஏரி, ஒரு வாரம் அருவி என எழுதியிருக்கிறாய். படித்து முடிப்பதற்குள் எனக்கே கால் வலித்தது. சின்னவனுக்கு இன்னும் நான்கு வயதுகூட ஆகவில்லை. போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம் காரில் கட்டிப்போட்டால் அவன் நினைவில் நிற்கப்போவது முன்சீட்டின் முதுகுதான்.

அந்த மலைக்கு ஒருமுறை போய் வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற வாரங்களில் வீட்டுக்குப் பக்கத்தில், மரங்கள் நிறைந்த ஏதாவது ஓர் இடத்துக்கே திரும்பத் திரும்பப் போங்கள். பச்சையாக இருந்த மரம் மஞ்சளாகி, சிவந்து, கடைசியில் வெறும் கிளையாக நிற்பதை ஒரே நாளில் யாரும் காட்ட முடியாது. போன சனிக்கிழமை பார்த்த மரத்தை இந்தச் சனிக்கிழமையும் பார்த்தால்தான் என்ன நடந்தது என்று பெரியவளுக்குப் புரியும். ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். உனக்கும் ஒன்று.

அவள் நிச்சயம் கேட்பாள், மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று. எங்கிருந்தும் வரவில்லை, கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருந்தது என்று சொல். பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைப் புதிதாக ஆக்குவதை நிறுத்திவிடுகிறது. இருந்த பச்சை சிதைந்ததும் அடியில் இருந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. பல மரங்களில் அது இந்தப் பருவத்தில் புதிதாக உண்டாகும் நிறம். இலையில் தங்கிய சர்க்கரையும் வெயிலும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. அதனால்தான் பகலில் நல்ல வெயிலும், இரவில் உறைபனி விழாத அளவுக்குக் குளிரும் இருக்கும் ஆண்டில் மேப்பிள் மரங்கள் அப்படிச் சிவக்கின்றன. இதை அவளே கண்டுபிடிக்கட்டும். சிவந்த மேப்பிள் இலைகளைப் பொறுக்கிப் பார்க்கச் சொல். சிலவற்றில், இன்னோர் இலை மேலே படிந்து வெயிலை மறைத்திருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே நின்றிருக்கும், நிழலை அச்சடித்து வைத்ததுபோல.

எல்லா மரமும் ஒரே மாதிரி உதிர்வதில்லை என்பதையும் பார்ப்பீர்கள். கிங்கோ முழுவதும் மஞ்சளாகி நின்றுகொண்டிருக்கும். கடுங்குளிர் இரவு ஒன்று வந்தால் ஒரே நாளில்கூட மொத்தத்தையும் கொட்டிவிடும். இளம் பீச் மரமும் சில ஓக் மரங்களும் காய்ந்த இலையைக் குளிர்காலம் முழுவதும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். லார்ச் ஊசியிலை மரம்தான், ஆனாலும் அது மஞ்சளாகி ஊசிகளை உதிர்த்துவிடும். செத்துப்போய்விட்டது என்று சின்னவன் அழாமல் பார்த்துக்கொள். அங்கே கட்சுரா மரம் இருந்தால் அதிர்ஷ்டம். அதன் உதிர்ந்த இலைகளில் காய்ச்சிய சர்க்கரையின் மணம் வரும்.

காலையிலேயே கிளம்புங்கள். இது உனக்காகவே சொல்வது, விடுமுறை நாளில் நீ எழும் நேரம் எனக்குத் தெரியும். செப்டம்பர் 22 அல்லது 23-இல் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும். பகல் மிக வேகமாகச் சுருங்குவதும் அந்த நாட்களில்தான். வட அட்சரேகை 50 டிகிரியில் உள்ள ஊர்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் குறைகிறது. ஒரு வாரத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. போன வாரம் இதே நேரம் வெளிச்சமாக இருந்ததே என்ற கணக்கு இந்த வாரம் பொய்த்துப்போகும். கோடை நேரம் முடிந்து உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்த பிறகு கேட்கவே வேண்டாம்.

மழை தூறினால் போகாமல் இருந்துவிடாதீர்கள். நனைந்த இலையில் நிறம் இன்னும் ஆழமாகத் தெரியும். நல்ல பிடிப்புள்ள காலணி மட்டும் போதும், ஈர இலை வழுக்கும். காளான்களைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். எதையும் பறித்து வந்து சமைக்க வேண்டாம். உண்ணி உள்ள இடமென்றால் வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம், தலைமுடி எல்லாவற்றையும் பார்த்துவிடு. குளிர் வந்துவிட்டதே, உண்ணி இருக்காது என்று நம்பாதே.

நடையின் வேகத்தைச் சின்னவனிடம் விட்டுவிடு. இலைக்குவியலைக் கண்டால் அவன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். உட்காரட்டும். மறுமுனைவரை போய்ச் சேர வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. வானத்தில் வாத்துக் கூட்டம் ஆங்கில ‘வி’ எழுத்தைக் கவிழ்த்த மாதிரி பறந்தால், முன்னால் பறக்கும் பறவையின் இறக்கை நுனியிலிருந்து மேலெழும் காற்று பின்னால் வருவதைச் சற்றே தாங்கிக்கொள்கிறது என்று பெரியவளுக்குச் சொல். அலுவலகப் பழக்கத்தில் அதைத் தலைமைப் பண்பு பற்றிய வகுப்பாக்கிவிடாதே. பாவம், குழந்தை.

மருமகளைப் பற்றி ஒன்று. குடும்பத்தோடு போவது என்றால் எல்லா வாரமும் எல்லோரும் போக வேண்டும் என்பதில்லை. வாரம் முழுவதும் வேலைக்கும் போய், பிள்ளைகளையும் பார்ப்பவளுக்கு ஓசையில்லாத வீடு கிடைப்பதே பெரிய விடுமுறை. ஒரு சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் நீ மட்டும் அழைத்துக்கொண்டு போ. பையில் மாற்றுக் காலுறை, தண்ணீர், தின்பதற்கு ஏதாவது எல்லாம் நீயே எடுத்து வை. எது எங்கே இருக்கிறது என்று வழியிலிருந்து அவளைத் தொலைபேசியில் கூப்பிடாதே.

பெரியவள் பொறுக்கிய இலைகளில் நல்லதாக நாலைந்தைக் காகிதத்துக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் அழுத்திக் காயவைத்து அனுப்பச் சொல். எந்த மரம், எந்தத் தேதி என்று அவள் கையாலேயே எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் நீ திருத்தாதே.

அன்புடன்,
அம்மா