பின்னால் உட்கார்ந்து எண்ணியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போட்டி முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. கையில் இருந்த கொப்புளங்கள்கூடக் காய்ந்துவிட்டன. நேரில் நன்றி சொல்ல வாயெடுத்தால் "அதெல்லாம் எதுக்கு" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் எழுதியே விடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பாஸ்டனில் பனிக்காலத்தில் சார்லஸ் நதி உறைந்துவிடும், படகு இறக்க முடியாது. துடுப்பு போடுகிறவர்கள் எல்லோரும் உள்ளே வந்து எர்க் என்கிற ரோயிங் மெஷினில் பயிற்சி செய்வார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால் போக முடியாமல் போன துடுப்பு வீரர்கள் சிலர், அந்தக் குளிர்கால அலுப்பைப் போக்கத் தங்களுக்குள் ஆரம்பித்த பந்தயம்தான் க்ராஷ்-பி. இன்று பள்ளிப் பிள்ளைகளிலிருந்து தொண்ணூறைத் தாண்டியவர்கள் வரை அதில் இழுக்கிறார்கள். தூரம் 2,000 மீட்டர். பிரிவில் முதலில் வருபவருக்குப் பரிசு ஒரு சுத்தியல். அந்தப் போட்டிக்குத்தான் நாங்கள் நான்கு பேர் பெயர் கொடுத்தோம்: நான், கல்லூரியிலிருந்து கூடவே வரும் மதுரை நண்பன், தஞ்சாவூர்க்காரர், அப்புறம் சேலத்து அக்கா.

முதல் நன்றி எங்கள் ஊர் உடற்பயிற்சிக் கூடத்தில் காலைப் பொறுப்பில் இருப்பவருக்கு. ஐந்தரை மணிக்கு, மைனஸ் பத்து டிகிரியில், எங்களுக்கு முன்பே வந்து வாசல் பனியைத் தள்ளிவிட்டு நிற்பார். மூன்று மெஷின்களையும் துடைத்து வரிசையாக வைத்திருப்பார். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஒரு நாள்கூட அவர் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது எதிர் வீட்டுப் பெண். பதினாறு வயது. பள்ளிப் படகுக் குழுவில் காக்ஸ், அதாவது துடுப்பு போடாமல் படகின் திசையைப் பார்த்துக்கொண்டு, எட்டுப் பேரையும் குரலாலேயே நடத்துகிறவள். நாங்கள் முதல் ஒரு மாதம் மெஷினின் பக்கவாட்டு நெம்புகோலைப் பத்தில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தோம். பத்தில் வைத்தால்தான் உழைப்பு என்று நினைப்பு. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் வந்து பார்த்துவிட்டு அதை நாலுக்கு இறக்கினாள். "அங்கிள், இது சைக்கிள் கியர் மாதிரி. வேகம் இதுல இல்ல, உங்க கால்ல இருக்கு" என்றாள். விசிறிச் சக்கரம் எவ்வளவு காற்றை அள்ள வேண்டும் என்பதைத்தான் அந்த நெம்புகோல் முடிவு செய்கிறது. எவ்வளவு வேகமாகச் சுற்ற வைக்கிறோம் என்பது நம் கையில். இழுக்கும்போது கால், முதுகு, கை. திரும்பும்போது கை, முதுகு, கால். இந்த ஆறு சொற்களை அவள் வாயால் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்போமோ தெரியாது. தேர்வு நேரத்திலும் சனிக்கிழமைதோறும் வந்தாள். அவளை அனுப்பிவைத்த அவள் பெற்றோருக்கும் என் வணக்கம்.

மதுரை நண்பனுக்கு நன்றி சொன்னால் திட்டுவான், பரவாயில்லை. இருவருக்கும் 47 வயது, ஒரே பிரிவு. அவன் 8 நிமிடம் 20 விநாடி போட்டால் மறுநாள் நான் 8:19 போடாமல் வீட்டுக்குப் போக மாட்டேன். அக்டோபர் கடைசியில் 8:41இல் இருந்த நான் எட்டு நிமிடத்துக்குக் கீழே வந்ததற்கு முழுக் காரணம் அவன்தான். தனியாகப் பயிற்சி செய்திருந்தால் டிசம்பரிலேயே விட்டிருப்பேன்.

தஞ்சாவூர்க்காரர் பொறியாளர். எங்கள் எல்லோருடைய கணக்கும் அவரிடம்தான். 500 மீட்டருக்கு 2 நிமிடம் என்ற வேகத்துக்கு ஏறத்தாழ 203 வாட் வேண்டும்; அதே 500 மீட்டரை 1:50இல் முடிக்க 263 வாட். பத்து விநாடிதான் வித்தியாசம், ஆனால் உழைப்பு முப்பது சதவீதம் கூடுகிறது. இதை ஒரு தாளில் எழுதி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனார். ஆரம்ப வேகத்தில் மயங்கிவிடாதே என்று ஆயிரம் முறை சொல்வதைவிட அந்தத் தாள் எனக்கு நன்றாக உறைத்தது.

போட்டிக்கு நான்கு நாள் முன்பு அவருக்குக் கடும் காய்ச்சல். நான்கு மாத உழைப்பு. அவரால் இழுக்க முடியவில்லை. ஆனாலும் அன்று காலையில் கம்பளித் தொப்பியோடு அரங்கத்துக்கு வந்தார். என் மெஷினுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் "சிட் ரெடி" வந்தது, "அட்டென்ஷன்" வந்தது, "ரோ" வந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெளிவாக நினைவிருப்பது அவர் குரல் மட்டும்தான். 1,100 மீட்டருக்குப் பிறகு தொடை எரிந்து, இருக்கை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போன இடத்தில் பத்துப் பத்தாக எண்ண ஆரம்பித்தார். மொத்தம் 230 இழுப்பு இருக்கும். அதில் பாதியை அவர்தான் எனக்காக எண்ணினார். 7:58.4. மதுரைக்காரன் 7:57.1, என்னை முந்திவிட்டான், அவனுக்கு அது தகும்.

ஆனால் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே சேலத்து அக்காவின் பந்தயத்துக்காக.

அக்காவுக்கு 56 வயது. வாழ்நாளில் எந்த விளையாட்டிலும் பெயர் கொடுத்ததில்லை. பெண்கள் பந்தயத்தில் 1,300 மீட்டர் வரை அழகாகப் போனார். திடீரென்று கைப்பிடி அவர் மடியில் விழுந்தது. விசிறிச் சத்தம் மெல்ல அடங்கியது. மேலே பெரிய திரையில் மற்றவர்களின் குட்டிப் படகுகள் நகர்ந்துகொண்டே இருக்க, அக்காவின் படகு மட்டும் அப்படியே நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காக்ஸ் பெண் அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கத்தவில்லை. அக்கா மூச்சு வாங்கும்வரை காத்திருந்தாள். பிறகு, "ஆன்ட்டி, பத்து மட்டும்" என்றாள். அவர் கைப்பிடியை எடுத்தார். அந்தப் பெண் "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று தமிழில் எண்ணத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவளுக்கு அந்த எண்களைச் சொல்லிக் கொடுத்தவரே அக்காதான். ஆறு வயதில்.

பத்து முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. மற்ற மெஷின்கள் எல்லாம் ஓய்ந்துவிட்டன. முடித்தவர்கள் எழுந்து போகாமல் திரும்பிப் பார்த்து நின்றார்கள். எங்களுக்கு யாரென்றே தெரியாத ஜனங்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். கடைசி நூறு மீட்டரில் நாங்களும் சேர்ந்து தமிழில் எண்ணினோம். 11:06.3. பந்தயத்தில் கடைசி. அன்று அந்த அரங்கத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த பந்தயம் அதுதான் என்று மனதாரச் சொல்வேன். அக்கா, மறுபடி அந்தக் கைப்பிடியை எடுத்ததற்கு உங்களுக்கு நன்றி.

இன்னும் ஒருவர். முடித்தவுடன் அக்காவால் குனிந்து கால் பட்டையைக் கழற்ற முடியவில்லை. தன்னார்வலர் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், தரையில் உட்கார்ந்து இரண்டு பட்டைகளையும் தளர்த்தி, அவர் பாதத்தை மெதுவாக எடுத்து வெளியே வைத்தார். தண்ணீர் கொடுத்தார். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். ஐயா, இது உங்கள் கண்ணில் படாது, பட்டாலும் படிக்க முடியாது. எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

விடிகாலையில் இட்லி அவித்து, நாங்கள் நான்கு பேரும் மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டாக வேண்டும் என்று அலாரம் வைத்து எழுந்த என் மனைவிக்கு, கைக்குப் பிளாஸ்திரி ஒட்டிவிட்ட மகனுக்கு, வண்டி ஓட்டி வந்த மதுரைக்காரனின் தம்பிக்கு, எல்லோருக்கும் நன்றி.

வருகிற சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. தஞ்சாவூர்க்காரருக்குக் காய்ச்சல் முழுதாக விட்டுவிட்டது. காலையில் அவருடைய 2,000 மீட்டரை உடற்பயிற்சிக் கூடத்தில் இழுக்கப் போகிறார். எட்டு மணிக்கு எல்லோரும் அங்கே வந்துவிடுங்கள். அவருக்குப் பின்னால் நான் உட்காருகிறேன்.

அன்புடன்,
எட்டு நிமிடத்துக்குக் கீழே வந்தவன்